மீண்டும் செவிப்பட்ட யாழ்

(காட்டாங்குளத்தூரில் நடைபெற்ற வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையின் வரலாறு இவ்வவையினர் நன்கு அறிந்ததே. மூவர் பாடிய தேவாரப் பதிகங்களைத் தேடிய சோழ வேந்தன், நம்பியாண்டார் நம்பியின் துணையோடு அவ்வறையைத் திறக்கச் செய்ததையும், கறையானுக்கு இரையானவை போக எஞ்சிய ஏடுகள் வெளிவந்ததையும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அவ்வரலாற்றின் பிற்பகுதி அத்துணை நினைவுகூரப்படுவதில்லை. ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. சொற்கள் கண்முன் இருந்தன. அவற்றைப் பாடும் முறையை அறிந்தார் இலர். திருஞானசம்பந்தருடன் யாழேந்தி ஊர்தோறும் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த பெண்ணொருத்தி எருக்கத்தம்புலியூரில் இருந்தாள். பதிகங்களுக்குரிய பண்முறையை அவளே வகுத்தளித்தாள் என்பது புராணச் செய்தி. வரலாற்று ஆய்வாளர் இச்செய்தியை எவ்வாறு மதிப்பினும் அதனுள் பொதிந்துள்ள கருத்து சிந்திக்கத்தக்கது. ஏட்டை மீட்பவர் ஒருவர். செவியை மீட்பவர் மற்றொருவர். இரண்டும் நிகழ்ந்தாலன்றி மறைந்த படைப்பு மீண்டதாகாது.

இவ்வுரையின் பொருள் ஓர் இசைத்தட்டு. 1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. அதனைப் படைத்தவர் ஆலிஸ் கோல்ட்ரேன் என்னும் கறுப்பின அமெரிக்கப் பெண்மணி. அவர் இசைத்த கருவி ஹார்ப். தமிழில் சொன்னால் யாழ். அத்தட்டின் பெயர் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. அப்பெயரில் நிற்கும் சச்சிதானந்தர் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த தமிழர். கவிஞர்கள் கூடிய அவையில் அயல்நாட்டு இசைத்தட்டுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். இருப்பதை இல்லாததாக்கும் புறக்கணிப்பு எவ்வாறு நிகழ்கிறது, அதிலிருந்து ஒரு படைப்பு எவ்வாறு மீள்கிறது என்பதை உணர்த்துவதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. அவ்விசையை விளங்கிக்கொள்ள உதவும் திறவுகோல் ஒன்று தமிழ்ப் பொருளிலக்கணத்திலேயே கிடைக்கிறது என்பது மற்றொரு காரணம்.

வழி காட்டியவர்

செட்டிபாளையத்தில் 1914ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் இராமசாமி. இல்லறம் ஏற்று இரு ஆண்மக்களுக்குத் தந்தையானார். மணமாகி ஐந்தாண்டு அளவில் மனைவி திடீரென மறைந்தார். அவ்விழப்பே அவரை வீட்டை விட்டு வெளியேறச் செய்தது. பழனியிலும், திருவண்ணாமலை இரமணர் ஆசிரமத்திலும், காவிரிக்கரைத் திருப்பராய்த்துறை இராமகிருட்டிணத் தபோவனத்திலும் தங்கிய பின்னர் இமயச்சாரலின் ரிஷிகேசத்தை அடைந்தார். அங்கே அவரை ஏற்றுக்கொண்ட சுவாமி சிவானந்தரும் தமிழரே. பாய் நெசவுக்குப் பெயர்பெற்ற நெல்லைச் சீமைப் பத்தமடையில் 1887இல் பிறந்து, மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றி, பின்னர்த் துறவு பூண்டவர் அவர். 1949இல் சிவானந்தரிடம் துறவு பெற்றபோது இராமசாமி சச்சிதானந்தர் ஆனார். 1953இல் இலங்கைக்கு அனுப்பப்பெற்றுத் திருகோணமலையிலும், பின்னர்க் கண்டியிலும் பணிசெய்தார்.

1966இல் அவர் அமெரிக்கா சென்றார். 1969ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கி வைத்து, திரண்டிருந்த பல்லாயிரம் இளைஞர்முன் அவர் பேசியது உலகறிந்த செய்தி. காவியுடையும் நரைத்த தாடியுமாக மேடையில் அமர்ந்திருக்கும் அவருடைய ஒளிப்படத்தைப் பார்த்தவர் பலர். அவர் கொங்கு நாட்டுத் தமிழர் என்பதை அறிந்தவர் சிலரே.

இழந்தவர்

ஆலிஸ் 1937இல் டெட்ராயிட் நகரில் பிறந்தார். இளமையில் தேவாலயத்தில் இசைத்தார். மேலைச் செவ்விசையில் பியானோ பயின்றார். பின்னர் ஜாஸ் இசைக்கு வந்தார். ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் துயரிலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் கொண்டாட்டத்திலிருந்தும் உருவாக்கிய இசை. எழுதிவைத்ததை அப்படியே வாசிப்பதைவிட, ஒரு பாட்டை அடிநிலையாகக் கொண்டு அந்தந்த நேரத்தில் விரித்துச் செல்வது அதன் உயிர். கருநாடக இசையின் மனோதருமத்தை அறிந்தவர்க்கு இம்முறை புதிதன்று.

அவ்விசையின் பெருங்கலைஞருள் ஒருவரான ஜான் கோல்ட்ரேனை ஆலிஸ் மணந்தார். சாக்ஸபோன் கலைஞரான ஜான், 1965இல் வெளிவந்த ‘எ லவ் சுப்ரீம்’ என்னும் தட்டில் ஜாஸ் இசையையே இறைவேண்டலாக ஆக்கிக் காட்டியவர். இந்திய இசையில் அவருக்கிருந்த ஈடுபாட்டின் அடையாளமாக, 1965இல் பிறந்த மகனுக்கு சிதார்க் கலைஞர் ரவிசங்கரின் பெயரைச் சூட்டினர். 1967ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் ஜான் நாற்பது வயதில் மறைந்தார். ஆலிசுக்கு அப்போது வயது 29. வளர்க்க வேண்டிய பிள்ளைகள் நால்வர்.

மறைவுக்கு முன் ஜான் ஒரு பெரிய ஹார்ப்புக் கருவியை வீட்டுக்கு வரவழைக்க ஏற்பாடு செய்திருந்தார். அவர் மறைந்த பின்னரே அக்கருவி வந்து சேர்ந்தது. வாங்கியவர் இல்லாத வீட்டில், ஆள் உயரத்திற்கு நின்ற அந்த யாழை ஆலிஸ் தாமே பயின்றார். டெட்ராயிட் நகரின் டோரதி ஆஷ்பி முன்னரே ஜாஸ் இசையில் ஹார்ப்பை ஒலிக்கச் செய்திருந்தார். எனினும் ஆலிசின் விரல்களில் அது வேறொன்றாயிற்று. பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 எனத் தமிழ் உரைமரபு கூறும். மேலை நாட்டு இசையரங்கின் ஹார்ப்புக்கு 47. அத்தனை நரம்புகளையும் தனித்தனியே தொடாமல், நீர்மேல் காற்று செல்வதுபோலத் தடவிச் செல்லும் வாசிப்பு அவருடையது.

அவ்வாண்டுகளில் அவர் உறக்கம் இழந்தார், உடல் மெலிந்தார், காட்சிகள் கண்டார். பின்னாளில் அக்காலத்தைத் ‘தபஸ்’ என்னும் சொல்லாலேயே குறித்தார். அந்நிலையில்தான் சச்சிதானந்தரைச் சந்தித்தார். மனைவியை இழந்து வீட்டை விட்டுப் புறப்பட்டவர், கணவனை இழந்து வீட்டினுள் தவித்தவருக்கு வழிகாட்டியானார். இச்சந்திப்பின் பயனே அந்த இசைத்தட்டு.

தட்டின் உள்ளே

ஐந்து இசைப்படைப்புகள், மொத்தம் ஏறத்தாழ 37 நிமிடம். முதல் நான்கும் 1970 நவம்பர் 8ஆம் நாள் நியூயார்க்கு மாநிலத்து டிக்ஸ் ஹில்ஸ் என்னும் ஊரில், கோல்ட்ரேன் இல்லத்திலேயே அமைந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாயின. ஐந்தாவது அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் நியூயார்க்கு நகரின் ‘வில்லேஜ் கேட்’ அரங்கில் பதிவானது.

தலைப்புப் படைப்பு தம்புராவின் சுருதியோடு எழுகிறது. துளசி என்னும் பெயர் பூண்ட கலைஞர் அதனை மீட்டுகிறார். அதன்மேல் செசில் மக்பீயின் பெருநரம்புக் கருவி ஒரு சிறு தொடரை எடுத்து, மாற்றாமல் மீண்டும் மீண்டும் நடக்கிறது. நெடுந்தொலைவு செல்லும் ஒருவரின் அடிவைப்புப் போன்றது அது. அந்நடையின்மேல் ஹார்ப்பு அலையலையாக வந்து விழுகிறது. மணியும் சிறுபறையும் இடையிடையே ஒலிக்கின்றன. ரஷீத் அலியின் தாளம் அடங்கி உடன்வருகிறது. இவையெல்லாம் நிலைபெற்ற பின்னரே ஃபாரோ சாண்டர்சின் சாக்ஸபோன் குரலெடுக்கிறது. ஜானோடு ஒரே மேடையில் வாசித்தவர் அவர். ஜானின் கருவியை இன்னொருவர் வாசிக்க, ஜான் வாங்கிய கருவியை ஆலிஸ் வாசிக்க, இல்லாதவர் ஒருவர் நடுவே இருக்கிறார் என்னும் உணர்வைத் தவிர்க்க இயலாது. எனினும் அவ்விசையில் ஓலம் இல்லை. அழுது முடித்தவரின் நிதானம் இருக்கிறது.

இரண்டாவது ‘சிவலோகா’. மூன்றாவது ‘ஸ்டாப்ஓவர் பாம்பே’, மூன்று நிமிடத்திற்கும் குறைந்த ஒரு சிறு தங்கல். நான்காவதான ‘சம்திங் அபவுட் ஜான் கோல்ட்ரேன்’ கணவரின் இசைக்கருத்துகளை எடுத்து விரிக்கிறது. இதில் ஆலிஸ் பியானோ வாசிக்கிறார். ஐந்தாவது எகிப்தியத் தொன்மத்தின் ஐசிஸ், ஒசைரிஸ் பெயரால் அமைந்தது. கொல்லப்பட்ட கணவனின் உடற்கூறுகளைத் தேடி ஒன்றுசேர்த்து உயிர்ப்பித்த தேவி ஐசிஸ். இப்படைப்பில் விஷ்ணு வுட் வாசிக்கும் அரபு நாட்டு ஊது என்னும் நரம்புக் கருவி, ஹார்ப்போடு உரையாடுகிறது.

கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆலிஸ் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் புறப்பட்டது 1970 டிசம்பரில். தட்டு பதிவானதோ அதற்கு முந்திய மாதத்தில். பம்பாயைக் காணுமுன்னரே பம்பாய்த் தங்கலுக்கு இசை அமைந்துவிட்டது. கால் செல்லுமுன் செவி சென்றுவிட்டது. தலைப்பும் சச்சிதானந்தரை ‘நோக்கிய’ பயணம் என்று கூறவில்லை. சச்சிதானந்தத்தின் ‘உள்ளே’ பயணம் என்றே கூறுகிறது. ஒரு மனிதரின் பெயரும், உண்மை, அறிவு, இன்பம் என்னும் மூன்றும் ஒன்றிய நிலையின் பெயரும் அச்சொல்லில் ஒன்றாகின்றன.

செவிப்படாமை

இத்தகைய படைப்பு ஏன் பல்லாண்டு உரிய மதிப்பைப் பெறவில்லை? அதனை எவரும் ஒளித்து வைக்கவில்லை. பெயர்பெற்ற ‘இம்பல்ஸ்’ நிறுவனம் அதனை வெளியிட்டது. 1971 பிப்ரவரி 21ஆம் நாள் சச்சிதானந்தரின் யோக நிறுவனத்திற்கு நிதி திரட்டுவதற்காக, நியூயார்க்கின் புகழ்மிக்க கார்னகி அரங்கிலேயே ஆலிஸ் இசைத்தார். தட்டு கடைகளில் இருந்தது, கேட்டவரும் இருந்தனர். ஆயினும் திறனாய்வு உலகம் அதற்கென ஓர் இருக்கை இடவில்லை.

காரணங்கள் மூன்று எனலாம். முதலாவது, அவர் ஜான் கோல்ட்ரேனின் மனைவி. ‘கோல்ட்ரேனின் கைம்பெண்’ என்னும் அடைமொழி அவர் பெயருக்கு முன் நின்றது. ஜானோடு ஒப்பிட்டே அவர் அளக்கப்பட்டார். 1972இல் ஜானின் பழைய பதிவுகளோடு நரம்பிசைக் குழுவை இணைத்து ‘இன்ஃபினிட்டி’ என்னும் தட்டை வெளியிட்டபோது, நினைவுச்சின்னத்தில் கைவைத்தவராக அவர் கண்டிக்கப்பட்டார். இரண்டாவது, ஜாஸ் அன்பர்க்கு அவ்விசை மிகுதியும் பக்தியாகப்பட்டது. பக்தியை நாடியோர்க்கு அது மிகுதியும் ஜாஸாகப்பட்டது. இரண்டு வீட்டுக்கும் உறவான ஒருவர் இரண்டு வீட்டுப் பந்தியிலும் இடம் பெறாமல் திண்ணையில் நின்ற கதை இது. மூன்றாவது, அவர் தம்மை விற்றுக்கொள்ள முனையவில்லை. 1970களின் இறுதியில் வணிக இசையுலகிலிருந்தே விலகினார். கலிபோர்னியாவின் அகூரா பகுதியில் 1983இல் ஆசிரமம் அமைத்துத் துரியசங்கீதானந்தா என்னும் பெயரோடு வாழ்ந்தார். நனவு, கனவு, உறக்கம் கடந்த நான்காம் நிலையைத் துரியம் என்பது சைவ நூல்களில் பயின்றோர்க்குத் தெரியும்.

1982 முதல் 1995 வரை அவர் நான்கு ஒலிநாடாக்களை வெளியிட்டார். முதலாவது ‘துரியா சிங்ஸ்’. பதிவில் அதுவரை பாடியிராத அவர், அதில் வடமொழி நாமாவளிகளைத் தம் குரலிலேயே பாடினார். பின்வந்த நாடாக்களில் கறுப்பினத் தேவாலயத்தின் கைத்தட்டலும் குழுப்பாட்டும் கோவிந்த நாமத்தோடு கலந்தன. அந்நாடாக்கள் ஆசிரமத்து அன்பர்களிடையே சிற்றளவில் வழங்கின. வெளியுலகத்தைப் பொறுத்தவரை அவை இல்லாதனவே.

மீட்சி

ஆலிஸ் 2007ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் மறைந்தார். செவிகள் முழுமையாகத் திறந்தது அதன் பின்னரே. ‘ஆன்மிக ஜாஸ்’ என்னும் வகைப்பெயர் பரவி நிலைபெற்றபோது, அதன் தலைவாயிலில் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ நிற்பதை இளைய தலைமுறை கண்டது. அவருடைய தங்கையின் பேரனான ஸ்டீவன் எலிசன், ‘ஃபிளையிங் லோட்டஸ்’ என்னும் பெயரில் மின்னணு இசையில் புகழ்பெற்று, பாட்டியின் பெயரைத் தம் தலைமுறைக்கு எடுத்துச் சென்றார். 2017இல் ‘லுவாகா பாப்’ நிறுவனம் ஆசிரம ஒலிநாடாக்களிலிருந்து ஒரு தொகுப்பை வெளியிட்டது. 2018 நவம்பரில் ஆசிரமக் கட்டடம் காட்டுத்தீக்கு இரையாயிற்று. அதற்குள் இசை உலகெங்கும் பரவியிருந்தது. கறையானுக்கு முந்திக்கொண்ட கை எத்துணை மதிப்புடையது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. 2020இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் வெளியிட்ட தலைசிறந்த 500 இசைத்தட்டுகளின் வரிசையில் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ இடம்பெற்றது. 1971இன் கார்னகி அரங்க நிகழ்ச்சி, 53 ஆண்டு கழித்து 2024இல் முழு வடிவில் வெளிவந்தது.

இவற்றுள் தமிழ்ப் பதிப்பு மரபில் பயின்றோரின் உள்ளத்தைத் தொடும் நிகழ்ச்சி வேறொன்று. ‘துரியா சிங்ஸ்’ நாடாவில் ஆலிசின் குரலைச் சுற்றி மின்னணு இசையும் நரம்பிசையும் அடர்ந்திருந்தன. 2004இல் தாயின் இறுதித் தட்டை உருவாக்கும் பணியில் இருந்த மகன் ரவி, அதே பாடல்களின் மற்றொரு பதிவைக் கண்டெடுத்தார். அதில் ஆலிசின் குரலும் ஒரு சிறு ஆர்கனும் அன்றி வேறொன்றும் இல்லை. அவ்வடிவம் 2021இல் ‘கீர்த்தன்’ என்னும் பெயரோடு வெளிவந்தது. இடைச்செருகல் நீங்கிய மூலபாடம் என்று ஏட்டாய்வாளர் மகிழலாம். ஆனால் இரண்டையும் செய்தவர் ஆலிசே என்பதால், எது மூலம், எது உரை என்னும் வினா எளிதில் முடிவதன்று. பதிப்பாசிரியர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் அறச்சிக்கல் இது.

தாபதநிலையும் ஆற்றுப்படையும்

ஆலிசைக் கைம்பெண் என்னும் ஒரே சட்டத்துள் அடைத்துக் கேட்ட செவிகளைக் குறைகூறுமுன், தமிழ் மரபும் தன்னைத் தானே நோக்கிக்கொள்ள வேண்டும். தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையில் தாபதநிலை என்றொரு துறையை வகுக்கிறது. கணவனை இழந்தவள் தவ ஒழுக்கம் மேற்கொண்டு வாழும் நிலை அது. புறநானூற்றில் இத்துறையில் அமைந்த பாடல்கள் சுருங்கிய உணவையும், வெறுமையான முற்றத்தையும் காட்டுகின்றன. அவை அழியாக் கவிதைகள்; ஐயமில்லை. எனினும் அத்துறையில் தவம் என்பது குறைத்துக்கொள்ளுதலாகவே நின்றுவிடுகிறது. உண்பது குறைகிறது, உறங்குவது குறைகிறது, பேச்சும் குறைகிறது. அவளுடைய தவத்திலிருந்து ஊருக்கு ஒன்றும் பிறப்பதில்லை.

ஆலிசின் ‘தபஸ்’ இவ்விடத்தில்தான் வேறுபடுகிறது. உடல் மெலிந்தது, உறக்கம் நீங்கியது என்பவை வரை அது தாபதநிலையே. அதன் பின்னர் அத்தவம் யாழாக ஒலிக்கத் தொடங்குகிறது. தாம் கண்ட வழியைப் பிறர்க்குக் காட்ட முனைகிறது. அந்நிலையில் துறை மாறிவிடுகிறது. அது ஆற்றுப்படை.

பத்துப்பாட்டில் ஆற்றுப்படை ஐந்து. பரிசில் பெற்று மீள்பவர், வறுமையோடு எதிர்ப்படுபவரை வழியில் கண்டு, தாம் சென்ற நெறியைக் கூறி வள்ளலிடம் செலுத்துவது அதன் அமைப்பு. திருமுருகாற்றுப்படையில் வள்ளலின் இடத்தில் முருகன் நிற்கிறான். வறுமையின் இடத்தில் வீடுபேற்று வேட்கை நிற்கிறது. பொருள்வழி அருள்வழியான வரலாறு அது. பாணர் தோளில் யாழ் இருந்தது. பொருநராற்றுப்படை அக்கருவியை உறுப்புறுப்பாக வருணிக்கிறது. வழி, யாழ், பெற்றவர் பெறாதவர்க்குக் காட்டுதல் என்னும் மூன்றும் ஆலிசின் தட்டில் உண்டு. மனைவியை இழந்து வழிகண்ட ஒருவர் ஆலிசை ஆற்றுப்படுத்தினார். ஆலிஸ் கேட்பவரை ஆற்றுப்படுத்துகிறார். பழைய பாடல்களில் வழி கூறுபவர் பெரும்பாலும் ஆடவரே. விறலி வழி கேட்பவளாகவே நின்றாள். இங்கே விறலியே வழி கூறுகிறாள். தாபதநிலைப் பெண் ஆற்றுப்படைப் புலவராக மாறுவதே இவ்விசைத்தட்டின் சாரம். கைம்மையை மட்டும் கேட்ட செவிகளுக்கு அந்த வழி கேட்கவில்லை. அதனாலேயே அது புறக்கணிக்கப்பட்டது.

உரிமையின் எல்லை

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. விழா மேடைகளில், உலகில் நல்லன யாவும் தமிழரிடமிருந்தே சென்றன என்று முடிப்பது எளிது, கைத்தட்டலும் கிடைக்கும். ஆலிஸ் தொல்காப்பியத்தை அறிந்து இதனைச் செய்தார் என்று கொள்வதற்கு இடமில்லை. மேலே கூறியது ஒப்புமையே, தாக்கம் அன்று. அவ்விசையின் வேர் டெட்ராயிட்டின் கறுப்பினத் தேவாலயத்திலும், புளூஸ் என்னும் துயரப்பாட்டிலும், ஜான் கோல்ட்ரேனின் தேடலிலும் உள்ளது. அரபு நாட்டு ஊதும், எகிப்தியத் தொன்மமும், வடபுலத்துத் தம்புரா முறையும் அதில் சேர்ந்தன. தமிழர்க்குரியது ஒரு பெயர். அப்பெயரை உடையவர் தந்த ஆறுதல். அடிமைத்தளையிலிருந்து வந்த ஒரு மக்களினத்தின் கலையைத் தமதெனக் கொள்வது, கேளாமையைவிடப் பெரிய பிழை.

அதே வேளையில் மறுபுறமும் உண்டு. உலகம் அவ்விசையை மீட்டுவிட்டது. தமிழ்நாடு இன்னும் கேட்கவில்லை. யாழை இழந்த நாடு இது. அதன் இலக்கணத்தை மீட்பதற்கு விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து இயற்றிய ‘யாழ்நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்வாண்டு ஜூலையிலேயே அடிகள் மறைந்தார். நூல் நிலைத்தது, அதனைக் கேட்கும் செவி பெருகவில்லை. யாழுக்காக ஏங்கிய ஒரு மொழியின் மக்கள், தம் ஊர்த் துறவி ஒருவரின் பெயரால் யாழொலி எழுந்தபோது அதனை அறியாதிருந்தனர். சச்சிதானந்தர் 2002 ஆகஸ்டு 19ஆம் நாள் சென்னையில்தான் உயிர்நீத்தார். அவர் பெயர்தாங்கிய இசை அந்நகரின் இசையரங்குகளில் அதிகம் பேசப்பட்டதில்லை.

வட்டத்தின் கடமை

காட்டாங்குளத்தூர் வழியே செல்லும் பெருஞ்சாலை செங்கற்பட்டைக் கடந்து திண்டிவனம் செல்கிறது. சிறுபாணாற்றுப்படை புகழும் நல்லியக்கோடனின் கிடங்கில் அவ்வூரை அடுத்தது. செங்கற்பட்டில் மேற்கே திரும்பினால், பெரும்பாணாற்றுப்படை வழிகாட்டும் காஞ்சி. இரு பாணரின் வழிகளுக்கு இடையே இவ்வூர் அமைந்திருக்கிறது. நாள்தோறும் மின்தொடர்வண்டியில் ஆயிரக்கணக்கானோர் தாம்பரத்திற்கும் கடற்கரைக்கும் சென்று மீளும் இவ்வழியில், எதிர்ப்படுபவர்க்கு வழிசொல்ல நிற்பவர் எவர்?

இலக்கிய வட்டம் என்பது அதற்கே. பத்தாண்டுகளில் வட்டம் எத்தனை நூல்களை வெளியிட்டது, எத்தனை அரங்குகளை நடத்தியது என்னும் கணக்கு இம்மலரின் வேறு பக்கங்களில் வரும். எழுதப்படாத மற்றொரு கணக்கும் உண்டு. எந்தக் கவிதை, எந்த வகையிலும் சேராது என்று ஒதுக்கப்பட்டது? மரபுக்கவிஞர் புதுக்கவிதை என்றும், புதுக்கவிஞர் மரபு என்றும் தள்ள, திண்ணையில் நின்றது எது? இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்னும் அடைமொழியோடு மட்டும் வாசிக்கப்பட்ட பெண் யார்? சிற்றளவில் அச்சிட்டு நண்பர்க்கு மட்டும் வழங்கப்பட்ட தொகுப்பு எந்தப் பரணில் கிடக்கிறது? அடுத்த பத்தாண்டின் முதற்பணி இவற்றைத் தேடுவதாக அமையலாம்.

தேடி எடுப்பதோடு பணி முடிவதில்லை. தில்லையின் அறை திறந்தபோது ஏடு வந்தது. எருக்கத்தம்புலியூர்ப் பெண் வந்தபோதே பாட்டு வந்தது. ஆலிஸ் கோல்ட்ரேனின் தட்டு எங்கும் தொலையவில்லை. ஐம்பதாண்டுகளாக அதே 37 நிமிடம்தான். அதே தம்புரா, அதே நடை, அதே யாழ். மாறியவை கேட்பவரின் செவிகளே. அச்செவிகளை உருவாக்குவது திறனாய்வாளரின் கடமை, கவிஞரின் கடமை, பத்தாண்டு கூடிப் பேசிய ஒரு வட்டத்தின் கடமை.

வட்டம் வளர்க. கேட்கும் செவிகள் பெருகுக.